போன் உடைந்தால் கோவைக்கு ஓட வேண்டுமா?

கைபேசி கீழே விழுந்து உடைந்து விட்டால் போதும், வீட்டில் ஒரு பட்டிமன்றமே ஆரம்பித்து விடும். "கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் கொடுக்கணும். வெளிக்கடையில் கொடுத்தால் நல்லா இருக்கிற பார்ட்ஸையும் கழற்றிடுவான்" என்பார் ஒருவர். "கம்பெனிக்காரன் தீட்டிடுவான், நம்ம பஸ் ஸ்டாண்டு கடையே போதும்" என்பார் இன்னொருவர். கடைசியில் யார் குரல் பெரிதோ, அவர் சொன்னபடி நடக்கும். போனை வைத்திருக்கும் நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

என்னைக் கேட்டால், கடையின் போர்டைப் பார்த்து முடிவு செய்வதே சரியில்லை என்பேன். வாரண்டி இருக்கிறதா, என்ன கெட்டுப் போனது, பில் தருவார்களா என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் இருப்பது குன்னூர் பக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்கு 'கம்பெனி சென்டர்' என்றாலே கோவைதான். 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், "வெச்சுட்டுப் போங்க, பார்ட்ஸ் வந்ததும் சொல்றோம்" என்பார்கள். ஆக, ஒரு ரிப்பேருக்கு இரண்டு நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் போன் மழையில் நனைந்து அணைந்து போனது. மகன் பேச்சைக் கேட்டுக் கோவைக்குக் கொண்டு போனார்கள். அங்கே, "போர்டையே மாத்தணும். உள்ளே இருக்கிற போட்டோ எல்லாம் போயிடும்" என்று சொல்லி, போன் விலையில் பாதியைக் கேட்டார்கள். இரண்டு நாள் கூலி போனதுதான் மிச்சம். திரும்பி வந்து உள்ளூர்க் கடையில் கொடுத்தார்கள். கடைப் பையன் போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்து ஒருவழியாக ஆன் செய்து கொடுத்தான். மகளின் கல்யாணப் படங்கள் தப்பின. "அன்னிக்கே வந்திருந்தா ஸ்பீக்கரும் பிழைச்சிருக்கும் அக்கா" என்றானாம்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தண்ணீர் புகுந்த போனுக்கு நேரம்தான் எதிரி. ஈரம் இருக்க இருக்க உள்ளே இருக்கும் போர்டு அரித்துப் போகும். உடனே ஆஃப் செய்து, சிம்மைக் கழற்றி, சார்ஜ் போடாமல், கிட்டத்தில் இருக்கும் நல்ல கடைக்குக் கொண்டு போவதே புத்திசாலித்தனம். அரிசி டப்பாவில் புதைத்து வைக்கிற பழக்கமும் வேண்டாம். அரிசித் துணுக்குகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் கம்பெனியே 2024-ல் எச்சரித்தது. தண்ணீர் பட்டதற்கும் கீழே விழுந்ததற்கும் சாதாரண வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. எப்படியும் கைக்காசுதான் என்னும்போது எதற்காக மலை இறங்க வேண்டும்?

அதற்காக எல்லாவற்றையும் வெளிக்கடையில் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் நாத்தனார் புதுப் போன் வாங்கி நாலு மாதத்தில் ஸ்பீக்கர் கேட்காமல் போனது. விழவில்லை, நனையவில்லை. கம்பெனியில் காட்டியிருந்தால் இலவசமாகவே செய்திருப்பார்கள். அவசரப்பட்டு ஒரு கடையில் பிரித்து விட்டார்கள். பிறகு கம்பெனிக்குப் போனால், "வெளியே பிரிச்சாச்சு, வாரண்டி கிடையாது" என்று கை விரித்து விட்டார்கள். வாரண்டி இருக்கும்போது தானாக வந்த கோளாறு என்றால், வளைவு எத்தனை இருந்தாலும் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். பேட்டரி உப்பிக் கொண்டாலும் மலிவு விலை டூப்ளிகேட் பக்கம் போகாதீர்கள். அது நெருப்போடு விளையாடுகிற காரியம்.

டிஸ்ப்ளே உடைந்தால்? ஒரே போனுக்கு ஒரிஜினலும் கிடைக்கும், அதே மாதிரி செய்த காப்பியும் கிடைக்கும். விலையும் வேறு, உழைப்பும் வேறு. காப்பி போடுவது குற்றமில்லை, காப்பி போட்டுவிட்டு ஒரிஜினல் காசு வாங்குவதுதான் குற்றம். அதனால் என்ன பார்ட், எத்தனை மாதம் கேரண்டி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். புடவைக் கடையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசுகிற நாம், போன் கடையில் பில் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்? பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

பெண்களுக்கு இன்னொரு பயம் உண்டு. போனில் நம் படங்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன, பேங்க் கணக்கும் இருக்கிறது. "அதனால்தான் கம்பெனி" என்பார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவி 2016-ல் ரிப்பேருக்காக ஐபோனை ஆப்பிள் கம்பெனிக்கே அனுப்பினார். கம்பெனி அங்கீகரித்த ரிப்பேர் மையத்தில் வேலை பார்த்தவர்களே அவருடைய அந்தரங்கப் படங்களை அவர் முகநூல் பக்கத்திலேயே போட்டு விட்டார்கள். கம்பெனி பெரும் தொகை கொடுத்துச் சமரசம் செய்து கொண்டது 2021-ல்தான் வெளியே தெரிந்தது. போர்டு பெரிதாக இருந்தால் மானம் பத்திரம் என்பது இல்லை. எங்கே கொடுத்தாலும் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கொண்டு கொடுங்கள். பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காதீர்கள். டிஸ்ப்ளே மாற்ற அது தேவையே இல்லை. சரிபார்க்கும்போது நீங்களே திறந்து காட்டுங்கள். சில போன்களில் 'ரிப்பேர் மோட்' அல்லது 'மெயின்டனன்ஸ் மோட்' என்று இருக்கிறது. திரை வேலை செய்தால் அதைப் போட்டுக் கொடுங்கள். நம் படங்கள், மெஸேஜ் எதுவும் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் படாது. எதிரிலேயே உட்கார வைத்துச் செய்து தருகிற வசதி உள்ளூர்க் கடையில்தான் கிடைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

"எல்லாம் சரி, கடைக்காரனுக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்கே கிடைக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதைக் கம்பெனிகளைப் பார்த்துக் கேட்க வேண்டும். வெளி ஒர்க்ஷாப்புகளுக்கு உதிரி பாகம் கிடைக்க விடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்கும் போனது. காருக்கு ஒரு நியாயம், கைபேசிக்கு ஒரு நியாயமா? மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'ரிப்பேர் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. எந்தப் போனை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் போடுவது பற்றி ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. ஐரோப்பாவிலோ 2025 ஜூன் முதல், ஒரு போனின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு உதிரி பாகம் தர வேண்டும் என்று சட்டமே வந்து விட்டது. இங்கேயும் அப்படிக் கட்டாயமாக்கினால், கோவையில் கிடைக்கும் அதே பார்ட் குன்னூர் கடையிலும் கிடைக்கும்.

எங்கள் மலையில் குடைக்குக் கம்பி மாற்றுகிறவரிடம் யாரும் "நீ கம்பெனி ஆளா?" என்று கேட்பதில்லை. வேலை சுத்தமா என்றுதான் பார்க்கிறோம். போன் கடைக்காரரையும் அப்படியே பாருங்கள். கைச்சுத்தமும் தொழில்சுத்தமும் உள்ள ஒருவரைத் தெருவில் நாலு பேரிடம் விசாரித்து இப்போதே தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். போன் உடைந்த பிறகு விசாரித்தால் பதற்றத்தில் எதுவும் ஓடாது. அடுத்த முறை வீட்டில் பட்டிமன்றம் நடக்கும்போது தீர்ப்பு சொல்கிறவர் நாமாக இருக்க வேண்டும். சகோதரிகளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

- ஒரு வாசகி, குன்னூர்.