வாசலில் நின்ற நான்கு வண்டிகள்

ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் கதையை அறிய வேண்டுமானால், அதன் வாசலில் எந்தக் காலத்தில் எந்த வண்டி நின்றது என்று கேட்டாலே போதும். எங்கள் வாசலில் இதுவரை நான்கு மோட்டார் சைக்கிள்கள் நின்றிருக்கின்றன. அவற்றின் வரலாற்றை இம்முறை வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன். பெருமைக்காக அன்று, இந்த இரண்டு சக்கரங்கள் நமக்குத் தந்ததும் நம்மிடமிருந்து பறித்ததும் கொஞ்சமல்ல என்பதற்காகத்தான்.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து ஒன்பது கட்டை உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். என் தந்தையார் காலத்தில் லயத்தில் சைக்கிள் வைத்திருந்தவரே பெரிய மனிதர். பட்டணம் போக வேண்டுமானால் தோட்டத்து லாரி வர வேண்டும். இல்லையேல் செம்மண் சாலையில் கால்நடைதான். மோட்டார் சைக்கிள் என்பது கிராணிமாரின் சொத்து.

1972-ஆம் ஆண்டில் அந்த வழக்கம் எங்கள் வீட்டில் மாறியது. கிராணியார் ஒருவர் கார் வாங்கியபோது, அவருடைய பழைய ஹோண்டா 50-ஐ விற்க முன்வந்தார். முன்பணத்திற்கு என் மனைவி தன் இரண்டு வளையல்களை அடகுக் கடைக்கு அனுப்பினாள். மீதியைப் பத்து மாதத் தவணையில் கட்டினோம். நான் பால் வெட்டிய காசு பாதி, அவள் பால் வெட்டிய காசு பாதி. ஆகவே அந்த வண்டியை ஒருநாளும் 'என் வண்டி' என்று நான் சொன்னதில்லை.

ஹோண்டா நிறுவனம் இந்தச் சிறிய வண்டியை ஜப்பானில் வெளியிட்டது 1958-இல். நம் நாட்டில் அதைப் பரப்பியவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பட்டறைத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, பெருஞ்செல்வரானவர். 'கப்' என்ற ஆங்கிலப் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' என்ற சீனச் சொல்லும் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. இன்றும் நம்மவர், எந்தக் கம்பெனி வண்டியானாலும், சின்ன மோட்டார் சைக்கிள் என்றால் கப்சாய் என்றே சொல்கிறோம்.

அந்த வண்டி தோட்டத்திற்கென்றே செய்தது போலிருந்தது. கையில் கிளட்ச் கிடையாது. இடது காலால் மிதித்தாலே கியர் விழும். சக்கரங்கள் பெரியவை என்பதால் பள்ளங்களில் சிக்காது. முன்னால் இருந்த தகடு சேற்றிலிருந்து கால்களைக் காத்தது. நடுவில் உயரமான தொட்டி இல்லாததால், கைலியோ சேலையோ கட்டிய பெண்களும் எளிதாக ஏறி ஓட்டலாம். பெட்ரோலோ மிகக் கொஞ்சமே குடிக்கும்.

1974-இல் ஓர் இரவு, என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. லாரி பட்டணத்தில் இருந்தது. தோட்டத்து டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, "இது இங்கே ஆகாதுப்பா, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டார். அவளைப் பின்னால் உட்கார வைத்து, அவள் விழாமலிருக்க என் இடுப்போடு ஒரு சேலையால் கட்டிக்கொண்டு, ஒன்பது கட்டையையும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே கடந்தோம். விடியுமுன் பெண் குழந்தை பிறந்தது. இன்று அவள் ஓர் ஆசிரியை. வண்டியில்லாத வீடுகளில் இப்படிப்பட்ட இரவுகள் வேறு விதமாக முடிந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வண்டி, 1980-இல் வாங்கிய யமஹா 80. இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும். அதற்கென்று தனித் தொட்டி உண்டு. மேட்டில் சீறிக்கொண்டு ஏறும். பின்னால் வெள்ளைப் புகை விடும். எண்ணெய்த் தொட்டி வறண்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் பட்டணத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் பெரட்டுக்கு முன் ஒரு நடை, பால் நிறுத்த பிறகு ஒரு நடை. தைப்பூசத்திற்குப் படகில் ஏற்றிப் பினாங்கு கொண்டு சென்று, தண்ணீர்மலை வரை போய் வந்ததும் அதில்தான். 1985-இல் பினாங்குப் பாலம் திறந்த பிறகு, கடலுக்கு மேலேயே ஓட்டிச் சென்றோம். அந்தப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு இருந்த கட்டணம் 2019 ஜனவரி முதல் நாளோடு நீங்கியது.

மூன்றாவது, 1991-இல் வாங்கிய ஹோண்டா இ.எக்ஸ்.5. அப்போது தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நடத் தொடங்கிவிட்டார்கள். பலருக்கு வேலை குறைந்தது. பிறையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை கிடைத்தது. பஸ் வராத நேரத்தில் வேலை. லயத்திலோ இன்னும் வீடு. இரண்டையும் இணைத்தது இந்த வண்டியே. வண்டி வைத்திருந்தவன் பிழைத்தான், இல்லாதவன் தவித்தான் என்று சொன்னால் மிகையாகாது.

என்னோடு வேலைக்கு வந்து போன பக்கத்து லயத்து நண்பர், 1994-இல் பெரிய சாலையில் லாரி மோதி இறந்தார். தலைக்கவசம் வைத்திருந்தார், வாரைப் பூட்டவில்லை. அது தனியே உருண்டு கிடந்தது. நம் நாட்டில் தலைக்கவசச் சட்டம் வந்தது 1973-இல். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. சட்டம் தலையில் வைக்கச் சொல்லும். வாரைப் பூட்ட வேண்டியது நம் கையல்லவா? நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்களே.

அவர் மனைவி மூன்று பிள்ளைகளோடு நின்றார். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் சொக்சோ உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்தான் போலீஸ் அறிக்கையைப் பெற்று, பாரங்களைப் பூர்த்தி செய்து கொடுத்தார். மாதந்தோறும் வந்த அந்தத் தொகையில்தான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். தாய்மார்களே, இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் வழக்கமான பாதையில் செல்லும்போது நேரும் விபத்து, சந்தா செலுத்தப்படும் தொழிலாளிக்கு வேலை விபத்தாகவே கருதப்படும்.

நான்காவது வண்டி, 1998-இல் என் மகனுக்காக வாங்கிய மோடெனாஸ் கிரிஸ். நம் கெடாவிலேயே, குரூனில் உள்ள தொழிற்சாலையில் உருவான வண்டி. முதன்முதலில் 1996-இல் வெளிவந்தது. அவன் வேறொன்று கேட்டான், சத்தமும் வேகமும் உள்ளதாக. அவன் தாயோ அந்த நண்பரின் வீட்டைக் காட்டி, "அங்க போயி ஒரு நாள் உட்கார்ந்து பேசிட்டு வா, அப்புறம் கேளு" என்றாள். போனான். திரும்பி வந்து கிரிஸ் போதும் என்றான்.

தோட்டம் பின்னர் கைமாறியது, லயங்கள் இடிக்கப்பட்டன, நாங்கள் பட்டணத்துத் தாமானுக்கு வந்துவிட்டோம்.

மகனுக்கோ பேரனுக்கோ வண்டி வாங்கித் தரும் பெற்றோருக்கு என் அனுபவத்தில் கண்டவற்றைச் சொல்லி முடிக்கிறேன். உரிமம் எடுக்கும் முன் சாவியைக் கொடுக்காதீர்கள். தலைக்கவசத்தை வண்டியோடு சேர்த்தே வாங்குங்கள். சங்கிலியும் பிரேக்கும் டயரும் வாரம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும். சாலை வரியும் காப்புறுதியும் முடியும் தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். வண்டி யார் காசில் வாங்கியதோ, அவர் பெயரையும் கிராண்டில் போடத் தயங்காதீர்கள். எங்கள் இ.எக்ஸ்.5 என் மனைவியின் பெயரில்தான் இருந்தது. அடகிலிருந்து அவளுடைய வளையல்கள் இரண்டும் மீண்டதும் அந்த வண்டி ஓடிச் சம்பாதித்த காசில்தான்.