பார்வையாளர் இல்லாத மாநாடு

நண்பர்களே, இது நீளமான பதிவு. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படித்துக்கொள்ளலாம்.

2024 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் மகள் வீட்டில் இருந்தபோது ஓர் அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போய்வந்து படங்கள் போட்டிருந்தேன். பச்சை வண்ணம் பூசிய முகத்தோடு ஒருவர் நிற்க, பக்கத்தில் நான் ஸ்வெட்டரும் சேலையுமாக நிற்கும் படம் பலருக்கு நினைவிருக்கும். "மாறுவேடப் போட்டியா டீச்சர்?" என்று கேட்டீர்கள். போன வாரம் அந்தப் படத்தைத் தோண்டி எடுத்து, என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு தம்பி எழுதியிருந்தான்: "இதெல்லாம் வசதி உள்ளவங்க விளையாட்டு டீச்சர். நமக்கு இதனால என்ன?" அவனுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அது வளர்ந்துவிட்டது.

முதலில் அது என்ன மாநாடு என்று சொல்லிவிடுகிறேன். பெயர் வேர்ல்ட்கான். உலக அறிவியல் புனைகதை மாநாடு. 1939-இல் நியூயார்க்கில் தொடங்கியது. உலகப் போர் நடந்த சில ஆண்டுகள் தவிர ஒவ்வோர் ஆண்டும் நடந்துவருகிறது. கிளாஸ்கோவில் நடந்தது 82-வது. ஆகஸ்ட் 8 முதல் 12 வரை ஐந்து நாள், கிளைடு ஆற்றங்கரையில் உள்ள பெரிய கண்காட்சி வளாகத்தில். ஏழாயிரம் பேருக்கு மேல் நேரில் வந்தார்கள்.

இதை எந்த நிறுவனம் நடத்துகிறது என்று மகளிடம் கேட்டேன். "நாங்கதாம்மா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான். நிரந்தர அலுவலகமோ முதலாளியோ கிடையாது. எந்த ஊரில் நடத்துவது என்று உறுப்பினர்களே இரண்டு ஆண்டுக்கு முன்னால் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஒரு குழு அமைத்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. அது மட்டுமில்லை, வேலை செய்பவர்களும் உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். கதவருகே பேட்ஜ் பார்ப்பவர், ஒலிபெருக்கி சரிசெய்பவர், மேடையில் பேசும் எழுத்தாளர் வரை இதுதான் வழக்கம். கௌரவ விருந்தினர் சிலருக்கு மட்டும் விலக்கு. அங்கே டிக்கெட் என்ற சொல்லையே தவிர்க்கிறார்கள். டிக்கெட் வாங்குபவர் வேடிக்கை பார்க்க வருபவர், உறுப்பினர் அப்படி இல்லை என்பது அவர்கள் கணக்கு.

என் மகளும் இரண்டு நாள் நாற்காலி தூக்கினாள். நானும் ஏதாவது செய்கிறேனே என்றேன். "நீ விசிட்டர் விசாவில் வந்திருக்கே, வேலை மாதிரி இருக்கிற எதிலும் கையை வைக்காதே" என்று அதட்டிவிட்டாள். முப்பத்திநான்கு வருடம் பிள்ளைகளை அதட்டியவளுக்கு இது வேண்டியதுதான்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நிகழ்ச்சிப் பட்டியலில் நூற்றுக்கணக்கான அமர்வுகள் இருக்கும், ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும். முதல் நாள் நான் ஒன்பது அமர்வுகளில் பென்சிலால் குறி வைத்துக்கொண்டு போனேன். நான்காவதில் தூங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு மூன்று போதும், மிச்ச நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்தாலே யாராவது வந்து பேசுவார்கள். இரண்டாவது, புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கிளாஸ்கோ ஆகஸ்டு நம்மூர் மார்கழியைவிடக் குளிர், அதோடு மழையும். வெளியே போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் ஓர் அமர்வு போய்விடும்.

சரி, என் மனதைத் தொந்தரவு செய்த காட்சிக்கு வருகிறேன். ஓர் அமர்வில் நான்கு பேர் மேடையில் உட்கார்ந்து செவ்வாயில் நகரம் கட்டினால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பேசினார்கள். அவர்களின் ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் பாதிதான் எனக்குப் புரிந்தது. முடிந்ததும் அதில் பேசிய எழுத்தாளர் ஒருவர் பக்கத்து அறைக்குப் போனார். நானும் அங்கேதான் போனேன். அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எடுத்தார். கடைசியில் கை தூக்கிக் கேள்வி கேட்டார், பதிலையும் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அங்கே இருந்த யாருக்கும் அது ஒரு செய்தியே இல்லை.

எனக்கு மட்டும் பழைய நினைவு ஒன்று வந்தது. நான் பணியில் இருந்தபோது எத்தனையோ அறிவியல் கண்காட்சிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன், சிலவற்றை நானே முன்னின்று நடத்தியிருக்கிறேன். அப்படி நான் நடத்திய ஒன்றில் சிறப்பு விருந்தினர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார். ஊசிக்குழலில் தண்ணீர் நிரப்பி கிரேன் செய்திருந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையிலிருந்து அந்த மேசை பக்கத்திலேயே நின்றாள். நான்தான் நிற்க வைத்திருந்தேன், அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வரலாம் அல்லவா? அவர் வந்து பத்து நிமிடத்தில் எல்லா மேசைகளையும் கடந்தார். பிறகு பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. மாலையில் பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கேட்டாள்: "மத்தவங்க செஞ்சதை நாங்க எப்ப டீச்சர் பாக்கிறது?"

"வேன் வந்துடுச்சு, கிளம்பு" என்றேன்.

யோசித்துப் பாருங்கள். நூறு பிள்ளைகள் நூறு மாதிரிகள் செய்து கொண்டுவந்தார்கள். அவற்றைப் பார்க்க மிகவும் ஆசைப்பட்டவர்கள் அந்த நூறு பேர்தான். அவர்களைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள். நான் அதை நல்ல ஏற்பாடு என்று நினைத்து, மறுநாள் ஆசிரியர் அறையில் பெருமையாகவும் பேசினேன். கிளாஸ்கோவில் அந்த எழுத்தாளரின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், அன்றைக்கு அந்தக் குழந்தை என்னிடம் என்ன கேட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

ரசிகர் என்ற சொல்லை நாம் வேறு மாதிரி பழகிவிட்டோம். நமக்கு ரசிகர் என்றால் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுபவர். இவர்களின் ரசிகர் கூட்டம் உருவான கதை வேறு. 1926-இல் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டார். அதைப் பார்த்து வாசகர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். பேனா நண்பர்கள் மன்றங்களானார்கள், மன்றங்கள் மாநாடு நடத்தின. அவர் பெயரில்தான் ஹியூகோ விருது 1953 முதல் தரப்படுகிறது. அதை எந்த நடுவர் குழுவும் முடிவு செய்வதில்லை, உறுப்பினர்களின் ஓட்டுதான். கிளாஸ்கோவில் கௌரவ விருந்தினர் வரிசையில் கென் மெக்லியோட் போன்ற நாவலாசிரியர்களோடு, கிளேர் பிரையலி, மார்க் பிளம்மர் என்ற இருவரும் இருந்தார்கள். அவர்களை அழைத்தது ரசிகர்கள் என்ற தகுதியில். சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்துகிறவர்கள்.

உடனே இது சொர்க்கம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1939-இல் முதல் மாநாட்டிலேயே கோஷ்டிச் சண்டையில் ஆறு பேரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதே கோஷ்டியைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார். இன்னொன்று, பெயரில் உலகம் இருக்கிறதே தவிர, அது அந்த ஆண்டு நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியிலிருந்து எடுத்த பெயர். பெரும்பாலான மாநாடுகள் அமெரிக்காவில்தான் நடந்திருக்கின்றன. ஆசியாவுக்கு இரண்டு முறைதான் வந்தது: 2007-இல் யோகஹாமா, 2023-இல் செங்டு. இந்தியாவுக்கு வந்ததே இல்லை. விசாவுக்காக என் பென்ஷன் தாள்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான், தம்பியின் பேச்சில் இந்தப் பாதி நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். மகள் இல்லாவிட்டால் நான் போயிருக்கவே முடியாது.

செங்டுவில் நடந்தது இன்னும் மோசம். ஹியூகோ ஓட்டு விவரங்கள் 2024 ஜனவரியில்தான் வெளியாயின. ஆர். எஃப். குவாங் எழுதிய 'பேபல்' போன்ற சிலவற்றுக்கு எதிரே தகுதியில்லை என்று மட்டும் போட்டிருந்தது. காரணம் இல்லை. பிறகு வெளிவந்த மின்னஞ்சல்களில், விருதை நிர்வகித்தவர்கள் எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைக் குறிப்பெடுத்து வைத்திருந்தது தெரிந்தது. அவர்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். இலவசமாக உழைக்கிறார் என்பதாலேயே ஒருவரைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடக் கூடாது. நம்மூர் கோயில் கமிட்டி முதல் பழைய மாணவர் சங்கம் வரை இதைச் சொன்னால் கோபம்தான் வரும்.

கிளாஸ்கோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன், ஜூலையில் ஓர் அறிக்கை விட்டார்கள். வந்த 3,813 ஓட்டுகளில் 377 செல்லாது, ஏதோ ஒரு படைப்பை ஜெயிக்க வைக்கப் போட்ட போலி ஓட்டுகள் என்றார்கள். எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும் சொன்னார்கள். பெயரில் முதல் எழுத்தை மட்டும் வரிசையாக மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஓர் உறுப்பினர் கட்டணம் குறைந்தது 45 பவுண்டு, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தப் படைப்பாளிக்கு இது தெரிந்திருந்ததாகக் கருத ஆதாரமில்லை என்பதால் பெயரை வெளியிடவில்லை. அவர் போட்டியிலும் நீடித்தார், அந்த ஓட்டுகளை மட்டும் கழித்தார்கள்.

நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவள். சாயங்காலம் எவ்வளவு களைப்பாக இருந்தாலும், பதிவான ஓட்டு எத்தனை என்று 17சி படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டு ஏஜென்டுகளிடம் கொடுத்த பிறகுதான் இயந்திரம் சாவடியை விட்டுக் கிளம்பும். எண்ணிக்கை என்பது எண்ணியவரின் சொத்து இல்லை. கிளாஸ்கோ குழுவினர் அந்தப் படிவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் அதன் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏழு மாதம் முன்புவரை திட்டிக்கொண்டிருந்த கூட்டம், ஆகஸ்ட் 11 இரவு எமிலி டெஷ்ஷின் முதல் நாவலுக்கு விருது அறிவித்தபோது எழுந்து கை தட்டியது. நானும் தட்டினேன். நாவலை இன்னும் படித்து முடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

தம்பி, வசதி உள்ளவர்கள் விளையாட்டு என்றாயே, அதற்கு வருகிறேன். 1952-இல் சிகாகோ மாநாட்டுக்கு பெல்ஃபாஸ்டில் சிற்றிதழ் நடத்திய வால்ட் வில்லிஸ் என்பவரை வரவழைக்க அமெரிக்க வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டார்கள். அதிலிருந்து 1953-இல் ஒரு நிதி பிறந்தது. அட்லாண்டிக்கின் இந்தப் பக்கத்து ரசிகரை அந்தப் பக்கம் அனுப்ப இன்றும் பணம் சேர்க்கிறார்கள். யாரை அனுப்புவது என்பதற்கும் ஓட்டுத்தான்.

அதற்கும் முன்னால், 1937 ஜனவரி 3-ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு கூட்டம். முதல் மாநாடு இதுவா, அதற்கு முந்தைய அக்டோபரில் ஃபிலடெல்பியாவில் கூடியதா என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது. லீட்ஸுக்கு வந்தவர்கள் பதினான்கு பேர் அளவில்தான். தியாசபிகல் ஹாலில் கூடினார்கள். அதில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், பெயர் ஆர்தர் கிளார்க். பிற்பாடு இலங்கையில் குடியேறி அங்கேயே வாழ்ந்த அதே ஆர்தர் சி. கிளார்க்தான். அன்றைக்கு அவர் யாருக்கும் சிறப்பு விருந்தினர் இல்லை.

பதினான்கு பேர். என்னுடைய எந்த வகுப்பிலும் இவ்வளவு குறைவாகப் பிள்ளைகள் இருந்ததில்லை.

அதனால் கேட்கிறேன். சுஜாதாவைத் தேய்த்துத் தேய்த்துப் படித்தவர்கள் இந்தப் பக்கத்திலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் ஞாயிறு, எங்கள் வீட்டு மொட்டை மாடி, காலை பத்து மணி. ஆளுக்கு ஐம்பது ரூபாய், நானும் தருவேன். டீக்கும் வடைக்கும் போக மிச்சம் எவ்வளவு என்று அன்று சாயங்காலமே இங்கே போடுகிறேன். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சும்மா கேட்க வருகிறேன் என்பவர்களுக்கு இடமில்லை. பொன்னாடை கொண்டுவந்தால் வாசலில் வாங்கி வைத்துவிடுவேன். எழுத்தாளர் யாரையாவது தலைமை தாங்கக் கூப்பிடலாமே என்று இப்போதே ஒருவர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார். வரட்டும், ஐம்பது ரூபாயோடு.

இதுவரை நான்கு பேர் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒன்பது நாற்காலி இருக்கிறது. அதற்கு மேல் வருபவர்கள் பாயில் உட்கார வேண்டும், முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.