அட்டை இல்லாத பாட்டு

டோக்கியோ ஜிம்போச்சோ பக்கம் போனா வரிசையா பழைய புத்தகக் கடைதான். நம்மள அங்க விட்டா சம்பளம் காலி :) போன தடவை மாட்டினது பழைய ஜப்பானியப் பாட்டு நோட்ஸ்.

1910, 20கள்ல 'செனோ' வரிசைன்னு ஒரு பாட்டுக்கு ஒரு மெல்லிசான புத்தகம் போட்டாங்க. அங்க ரேடியோ வந்ததே 1925ல. அதுக்கு முன்னாடி புதுப் பாட்டு வீட்டுக்குள்ள வர இதுவும் ஒரு வழி. அதுல 200க்கும் மேல அட்டைப்படம் வரைஞ்சவர் தகேஹிசா யுமேஜி. இப்ப சேகரிக்கிறவங்க பாதிப் பேர் அந்த அட்டைக்காகத்தான் வாங்கறாங்க. ஃப்ரேம் போட்டு மாட்டியாச்சுன்னா உள்ள இருக்கற பாட்டை யாரும் திரும்பிப் பாக்கறதில்ல.

எனக்கு இது சுத்தமா பிடிக்கலைங்க. 1918ல செனோ வரிசையில வந்த 'யோய்மச்சிகுசா'வை எடுத்துக்கோங்க. மெட்டு ஓனோ ததாசுகே. வரிகள் எழுதினது யாரு? இதே யுமேஜிதான்! அவர் படத்தைக் கண்ணாடிக்குள்ள பூட்டிட்டு, அவர் எழுத்தை சுவத்துப் பக்கமா திருப்பி வைக்கறதுக்குப் பேர் ரசனையா?

நான் வாங்கினது வேற ஒரு பாட்டு. அட்டையே கிடையாது, அதனால அடிமாட்டு விலை. ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கிட்டு கீபோர்டுல ஒத்தை விரலால தடவித் தடவி வாசிச்சேன். மூணாவது வரியில எந்த விரல் எங்கன்னு யாரோ பென்சில்ல குறிச்சு, அழிச்சு, மறுபடி குறிச்சிருக்காங்க. நானும் கரெக்டா அங்கதான் தடுக்கி விழுந்தேன்.