புகைச் சீட்டைப் படியுங்கள்

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்போர் பலருக்குப் புகைச் சோதனை என்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டும் கப்பமாகவே தோன்றுகிறது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் வண்டியை நிறுத்துகிறோம். புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகுகிறார்கள். சீட்டு வந்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிப் படிக்காமலே அலமாரியில் வைப்பதற்கு ஒப்பான செயல் இது.

பெட்ரோல் கார்களுக்கான சீட்டில் முக்கியமானவை இரண்டு எண்கள். ஒன்று கார்பன் மோனாக்சைடு, மற்றது ஹைட்ரோகார்பன். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்திய கார்களுக்கு முதலாவது 3 சதவீதம் வரையிலும், இரண்டாவது பத்து லட்சத்தில் 1,500 பங்கு வரையிலும் அனுமதி உண்டு. ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதமும் 750 பங்கும். ஸ்டேஜ் 4-க்கு 0.3 சதவீதமும் 200 பங்கும் வரம்பு.

இந்த எண்கள் நோயின் பெயரையே சொல்லக்கூடியவை. கார்பன் மோனாக்சைடு மட்டும் கூடுதலாயின், எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று பொருள். அடைத்த ஏர் பில்டர், சிக்கிக்கொண்ட சோக், உயர்ந்துவிட்ட மிதவை மட்டம் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்பன் மட்டும் கூடுதலாயின் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. ஸ்பார்க் பிளக், அதன் ஒயர், வால்வு இடைவெளி, காற்றுக் கசியும் ரப்பர் குழாய் ஆகியவையே சந்தேகத்துக்குரியவை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகும் இந்நாளில், பழைய ரப்பர் குழாய்களைக் கவனிப்பது இன்னும் அவசியம். இரண்டும் சேர்ந்து உயர்ந்து, காரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருந்தால், அது செயலிழந்திருக்கவும் கூடும்.

சென்னையிலிருந்து பழைய கார்புரேட்டர் காரைக் கொண்டு வருவோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கடற்கரை ஊரில் விட்ட அளவிலேயே பெட்ரோலை விடும். வண்டி கறுப்புப் புகை விட்டால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், இவ்வூருக்கேற்ப டியூனிங் செய்து பார்ப்பதே முறை. நீலப் புகை வந்தால் அது வேறு. எஞ்சின் ஆயில் எரிகிறது.

ஆனால் நடப்பது என்ன? எண்ணைப் பார்க்காமலே பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றி, உரிமையாளரின் பணத்தில் பாடம் படிக்கும் மெக்கானிக்குகள் உண்டு. சோதனைக்கு முன் கார்புரேட்டர் திருகை இறுக்கிச் சீட்டு வாங்கி, வெளியே வந்ததும் பழையபடி தளர்த்திக் கொடுப்பவர்களும் உண்டு. சீட்டு கிடைக்கிறது, புகை நம் குழந்தைகளின் மூச்சில் கலக்கிறது.

இந்த ஏமாற்றின் விலையைப் பழைய கார்க்காரர்தாம் முடிவில் கொடுக்க நேரிடும். டெல்லியைப் பாருங்கள். அங்கே 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அது தளர்த்தப்பட்டபோதும், டிசம்பர் உத்தரவின்படி ஸ்டேஜ் 4-க்கு முந்திய வண்டிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. அதே டெல்லியில், வரம்பு மீறிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் தரப்பட்டிருந்ததை 2025-ல் தணிக்கை அறிக்கை வெளிப்படுத்தியது. சோதனையை நம்ப முடியாத இடத்தில், வயதே அளவுகோலாகிவிடுகிறது. நன்கு பராமரித்த இருபது வயதுக் காரும், கேட்பாரற்றுப் புகை கக்கும் காரும் அங்கே ஒன்றே.

ஆகவே அரசு செய்ய வேண்டியவை இரண்டு. சீட்டில் ஆக்சிஜன், கார்பன் டையாக்சைடு அளவுகளையும் அச்சிட்டு, தோல்வியடைந்த வண்டிக்குக் காரணத்தைச் சுட்டும் குறிப்பும் தர வேண்டும். சோதனை நிலையங்களைத் திடீரெனத் தணிக்கை செய்ய வேண்டும். நம் கடமையும் ஒன்று உண்டு. வண்டியைச் சூடேற்றிக் கொண்டுபோய், உள்ளது உள்ளபடி சோதித்து, அந்தச் சீட்டுடன் மெக்கானிக்கிடம் செல்வது. நேர்மையான சோதனை ஒன்றே பழைய காருக்கு மிஞ்சியிருக்கும் வக்கீல். அதன் வாயைக் காசு கொடுத்து அடைப்பது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.