லேத்தில் கலந்தோம், தெருவில் கலந்தோமா?

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி.நாயுடு பெயர் வைத்தார்கள். தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி அரசாணை வந்திருந்த நேரம் அது. பாலத்தின் பெயரில் மட்டும் சாதி இருக்கலாமா என்று விவாதம் கிளம்பியது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தோழர்களே, பாலத்தை விட்டு இறங்கி சிங்காநல்லூர் பக்கம் வாருங்கள். இந்த ஊரில் சாதி பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறதா?

கோவைக்கு ஒரு பெருமிதக் கதை உண்டு. 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1930-களில் பைக்காரா மின்சாரம், அதை நம்பி வந்த பஞ்சாலைகள், பிறகு மோட்டார், பம்ப்செட், ஃபவுண்டரி, இன்று கார் உதிரிபாகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, ஒடியா எல்லாம் ஒரே ஷிப்டில் கேட்கும். "இங்க சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க, உழைச்சா யாரு வேணாலும் முதலாளி ஆகலாமுங்க" என்றுதான் அந்தக் கதை எப்போதும் முடியும்.

என் அப்பா ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தவர். உலைச் சூடும் மணல் தூசியும் இருந்த பக்கம் எங்கள் ஆட்கள் நின்றார்கள். கணக்கு எழுதுகிற மேஜையில் ஒருநாளும் எங்கள் ஆட்களை அவர் பார்த்ததில்லை. நான் ஐ.டி.ஐ. படித்து சி.என்.சி. மெஷினுக்குப் போனேன். சம்பளம் வந்ததும் சிங்காநல்லூரில் வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினேன். வீட்டுக்கார அம்மா தண்ணீர் கொடுத்து அன்பாகத்தான் பேசினார். "தம்பிக்கு எங்கீங்க வேலை?" சொன்னேன். "சொந்த ஊருங்க?" சொன்னேன். "அங்க ஊருக்குள்ளயா, இல்ல..." அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மறுநாள் புரோக்கர் போன் செய்தார். "சொந்தக்காரங்களே குடி வர்றாங்களாமுங்க." மூன்று மாதம் கழித்தும் அந்தக் கேட்டில் டு லெட் பலகை தொங்கியது.

தொழிற்சாலை வந்தால் பாகுபாடு தானாகக் கரையும் என்பவர்கள் கார் உலகின் தலைநகரமாக இருந்த அமெரிக்காவின் டெட்ராய்ட்டைப் பார்க்கட்டும். 1943 ஜூனில் அங்கே பேக்கார்டு ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதை எதிர்த்து 25,000 வெள்ளையர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1941-இல், கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட நினைத்த ஒரு நிறுவனம் நடுவே அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பியது. சுவர் இருந்தால்தான் அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்கும் என்ற நிலை. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

நம் கோவை மாவட்டத்துச் சுவர் இடிந்து விழுந்தது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வசதியான வீட்டின் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து 17 தலித் மக்களைத் தூக்கத்திலேயே கொன்றது. அது வெறும் காம்பவுண்ட் சுவர் என்றார்கள். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலா 20 அடிக்கு ஏற்றினார்கள்?

உழைத்தால் முதலாளி ஆகலாம் என்கிறார்களே, சரி. ஒரு ஷெட் போடச் சொந்த இடம் வேண்டும். அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்க மாமன் மச்சான் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாப் ஒர்க் ஆர்டர் தர ஆள் வேண்டும். நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம்தான் இந்த மூன்றும் இருந்தன. தோட்டத்தில் பண்ணையாளாக வைக்கப்பட்ட அருந்ததியர் அந்தத் தோட்டக்காரர்களைவிடக் குறைவாகவா உழைத்தார்கள்?

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் அரசு 35 விழுக்காடு மானியம் தருகிறது. வரவேற்போம். மானியத்தில் மெஷின் வாங்கலாம். ஆர்டரை எங்கே வாங்குவது? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் விதி உண்டு. தனியார் கார் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு விதியும் கிடையாது.

தொழிற்சங்கத் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் பஞ்சாலைத் தொழிலாளர்கள். அவர்கள் நினைவை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் 1928 பம்பாய் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் எழுப்பிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அறுந்த நூலை எச்சிலில் நனைத்து இணைக்க வேண்டும், அது தீட்டு என்று சொல்லி நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். கூலி உயர்வு கேட்ட சங்கம் இதை ஏன் கேட்கவில்லை என்றார் அவர். போனஸுக்குக் கேட் மீட்டிங் போடும் சங்கம், தன் உறுப்பினருக்குச் சாதியால் வீடு மறுக்கப்படும்போது அந்த வீட்டு வாசலில் ஏன் நிற்பதில்லை?

நமக்கு மூன்று வேண்டும். வாடகை வீட்டில் சாதி கேட்பதைத் தண்டிக்கிற சட்டம். தனியார் துறையில் வேலைக்கும் கொள்முதலுக்கும் இடஒதுக்கீடு. சாதியைத் தொழிலாளர் பிரச்சினையாக எடுக்கிற சங்கம்.

பாலத்தின் பெயரைப் பற்றி விவாதிப்போம். கூடவே, ஊர்ப் பெருமை பேசும் நண்பரிடம் இதையும் கேளுங்கள்: "உங்க பட்டறையில மோல்டிங் அடிக்கிறவரு கேட்டா, உங்க மாடி வீட்டை வாடகைக்கு விடுவீங்களா?"