காகிதம் நிற்குமா?



எங்கள் திட்டக்குடியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ படிக்கிறாள். அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "தாத்தா, வெளிநாட்டு ஓவியக் கல்லூரிக்கு டிசைன் படிக்கப் போனால் முதல் வாரமே கார், செல்போன் எல்லாம் வரையச் சொல்வாங்களா? எனக்கு ஒரு கோடுகூட நேராக வராதே!"

வரையத் தெரியாதவர்களுக்கு அந்தப் படிப்பு இல்லை என்று பயந்துவிட்டாள். உங்களில் பலருக்கும் இதே பயம் இருக்கும். ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜெர்மனியில் பாவ்ஹவுஸ் என்று ஒரு புகழ்பெற்ற கலைப்பள்ளி இருந்தது. 1919-ல் தொடங்கி 1933-ல் மூடப்பட்டது. பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். முதல் நாள் வகுப்பு. ஆசிரியர் ஜோசப் ஆல்பர்ஸ் ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளுடன் வந்தார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். "இதை வைத்து ஏதாவது செய்யுங்கள். காகிதம் வீணாகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் பாடம்!

சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கோட்டை, கப்பல், விமானம், மிருகங்கள் என்று மேஜை நிறைய இருந்தன. ஆல்பர்ஸ் அவற்றைப் பாராட்டவில்லை. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். அவர் மெச்சியது ஹங்கேரி நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு மாணவரைத்தான். அவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? தாளை நீளவாக்கில் மடித்து, மடக்குத் தட்டி போல நிற்க வைத்திருந்தார். தொட்டால் துவளும் காகிதம் மடித்ததும் விறைத்து, ஓரத்திலேயே நிற்கிறது. அவர் படம் எதுவும் போடவில்லை. காகிதத்தின் குணத்தைப் புரிந்துகொண்டார். அந்த வகுப்பில் இருந்த ஹானஸ் பெக்மன் என்ற ஓவியர் இதைப் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார்.

பாவ்ஹவுஸ் தொடங்கிய அதே 1919-ல் நம் நாட்டு இளைஞர் ஒருவரும் கடல் கடந்தார். பெயர் குருசரண் சிங். மண்ணியல் படித்தவர். செராமிக் தொழில் கற்றுவர ஜப்பான் போனார். டோக்கியோவில் தொழில்நுட்பப் பள்ளியில் பாடம் படித்தார். ஆனால் அவருக்குப் பெரிய லாபம், ஹமாடா, கவாய், பெர்னார்ட் லீச் போன்ற மண்பாண்டக் கலைஞர்களின் நட்பு. தொழிற்சாலை வேலை கற்கப் போனவர் பானைக் கலைஞராகத் திரும்பினார். 1952-ல் டெல்லியில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். 1991-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

மண்ணுக்காக அவர் ஜப்பான் போனார். நமக்கோ விருத்தாசலம் பஸ் ஏறினால் போதும். அகல் விளக்கு, பொம்மை, ப்யூஸ் கேரியர் செய்யும் பட்டறைகள் அங்கே உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் டிப்ளமோ படிக்க அரசு செராமிக் கல்லூரியும் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் வெள்ளாற்று மணலைக் கொஞ்சம் நனைத்து உருண்டை பிடியுங்கள். காய்ந்தால் உதிரும். ஏரி வண்டலைப் பிடியுங்கள். உருண்டை நிற்கும், ஆனால் காயும்போது வெடிக்கும். ஏன் என்று யோசித்தால் நீங்களும் முதல் வாரப் பாடத்தைத் தொடங்கிவிட்டீர்கள்!

இந்த வாத்தியார் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். பரீட்சை நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்குக்கு வாங்கிக்கொள்வேன். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், நான் முறைப்பேன். அன்று நான் பறித்தது படம் போடும் நேரத்தை மட்டுமல்ல, கையால் யோசிக்கும் நேரத்தையும்தான். அதனால்தான் இன்று ஒரு பெண், கோடு நேராக வரவில்லை என்பதற்காகத் தனக்கு அந்தப் படிப்பே கிடையாது என்று நினைக்கிறாள். ஆசிரியர்கள் அந்த ஒரு பீரியடை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் வகுப்பிலும் அது பறிபோனால், பணிவாகக் கேளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பசை வேண்டாம், கத்தரி வேண்டாம். விசிறி மடிப்பாக மடித்து மேஜையில் நிறுத்துங்கள். நின்றதா? அதன் தலையில் உங்கள் கணக்கு நோட்டை வைத்துப் பாருங்கள்!