பழைய வரைகருவிப் பெட்டி



கடந்த மாதம் ஒரு கிராமத்துப் பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிய பிறகும், ஒரு அக்கா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. கணவரைக் காணவில்லை. மூன்று பிள்ளைகள். வளர்க்க வழியில்லாத காலத்தில் இரண்டு பேரை இல்லத்தில் விட்டவர். "பிள்ளை, நான் என்ரை பிள்ளையளைப் பிரிச்சுப்போட்டன். மூத்தவன் இப்ப பள்ளிக்கூடமும் போகமாட்டன் எண்டுறான். எல்லாம் நான் செய்த பிழை" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்தபோதுதான் ரெபேக்கா லற்றிமர் என்ற பெண்ணின் நினைவு வந்தது. அவரைப் பற்றியும் அவருடைய கடைசி மகன் லூயிஸ் பற்றியும் இம்மாதம் எழுதுகிறேன்.

ரெபேக்காவும் கணவர் ஜோர்ஜும் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். 1842 ஒக்டோபரில், ரெபேக்கா கர்ப்பிணியாக இருந்த நிலையில், கப்பலின் அடியில் ஒளிந்திருந்து தப்பி வடக்கே பொஸ்டன் நகரத்துக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்து சில நாட்களுக்குள் ஜோர்ஜ் கைதானார். 'உரிமையாளர்' தேடி வந்துவிட்டார். நகர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கடைசியில் 400 டொலர் கொடுத்து அவருடைய விடுதலையை வாங்கினார்கள். அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்ட மனு ஒன்று சட்டசபைக்குப் போனது. தப்பி வந்தவர்களைப் பிடிக்க மாநில அதிகாரிகள் உதவக்கூடாது என்று 1843இல் சட்டமும் வந்தது.

லூயிஸ் 1848இல் பிறந்தார். அவருக்குப் பத்து வயது ஆகும் காலத்தில் தகப்பன் வீட்டை விட்டுப் போய்விட்டார். கறுப்பின மக்கள் குடிமக்களே அல்ல என்று நாட்டின் உயர் நீதிமன்றம் 1857இல் தீர்ப்புச் சொல்லியிருந்த நேரம் அது. அந்தப் பயத்தில் போனார் என்பார்கள், வேறு காரணங்களும் சொல்வார்கள். எது காரணமானாலும் வீட்டில் மிஞ்சியது ரெபேக்காவும் நான்கு பிள்ளைகளும்தான். தனியே பார்க்க முடியாமல் அவர் பிள்ளைகளைப் பிரித்தார். மகளைத் தெரிந்தவர் வீட்டில் விட்டார். ஆண்பிள்ளைகளைப் பண்ணைப் பாடசாலைக்கு அனுப்பினார்.

நான் சமூகவியல் படித்த காலத்தில் அமெரிக்க அடிமை முறை பற்றிப் பரீட்சைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்தத் தாயின் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை.

லூயிஸ் பண்ணைப் பாடசாலையிலிருந்து ஓடி வந்து தாயிடம் சேர்ந்தார். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1864இல், 16 வயதில், கடற்படையில் சேர்ந்தார். 'மசசொயிற்' என்ற போர்க்கப்பலில் வேலை. 16 வயது என்றும் கடற்படை என்றும் எழுதும்போது உங்களில் பலருடைய முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த வயதுப் பிள்ளையை யுத்தத்துக்குக் கொடுத்த தாயின் இரவுகளை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1865 யூலையில் அவர் உயிரோடு திரும்பினார்.

திரும்பியவருக்கு வேலை இல்லை. படிப்பும் அரைகுறை. கடைசியில் ஆக்கவுரிமைப் பத்திரம் எடுத்துக் கொடுக்கும் சட்டத்தரணிகளின் அலுவலகம் ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். கிழமைக்கு மூன்று டொலர் சம்பளம். புதிதாக ஒரு இயந்திரம் கண்டுபிடிப்பவர், அதன் ஒவ்வொரு பாகத்தையும் அளவாக வரைந்து அரசாங்கத்திடம் கொடுத்தால்தான் உரிமை கிடைக்கும். அந்தப் படங்களை வரைபவர்கள் படவரைஞர்கள். லூயிஸ் அவர்கள் என்ன கருவியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எந்தப் புத்தகம் வேண்டும் என்று கேட்டு, பழைய புத்தகக் கடையில் அதை வாங்கினார். பிறகு காசு சேர்த்து, யாரோ பாவித்த வரைகருவிகளையும் ஒவ்வொன்றாக வாங்கினார். பகலில் பார்த்ததை இரவில் வீட்டில் வரைந்து பழகினார். ஒருநாள், "எனக்கும் ஒரு படம் வரையத் தாருங்கள்" என்று கேட்டார். படவரைஞர் சிரித்தாராம். ஆனாலும் கொடுத்துப் பார்த்தார். சில வருடங்களில் லூயிஸ் அங்கே தலைமைப் படவரைஞர், கிழமைக்கு 20 டொலர்.

1876இல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை கேட்ட கிரஹாம் பெல்லுக்கு அந்தப் படங்களை வரைந்து கொடுத்தவர் இவர்தான். பெல் படிப்பித்து முடித்துவிட்டு இரவில் வருவார், லூயிஸ் அவருக்காகக் காத்திருந்து வேலை செய்வார்.

1880இல் ஹிராம் மக்சிம் என்பவரின் மின்விளக்குக் கம்பனியில் சேர்ந்தார். இந்த மக்சிம்தான் பிறகு இயந்திரத் துப்பாக்கி செய்து பேர் எடுத்தவர். ஒரே மூளைதான் விளக்குக்கும் வேலை செய்தது, துப்பாக்கிக்கும் வேலை செய்தது. லூயிஸ் விளக்கோடு நின்றுவிட்டார்.

மின்குமிழைக் கண்டுபிடித்தவரே லூயிஸ்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. மின்குமிழுக்குள் ஒளி தரும் காபன் இழையைச் சூளையில் சுட்டு எடுக்கும்போது அது வளைந்தும் உடைந்தும் போகும். இழையை மட்டை உறைக்குள் வைத்துச் சுட்டால் இரண்டும் ஒன்றாகச் சுருங்கும், இழை வடிவம் கெடாமல் நிற்கும் என்று கண்டுபிடித்து 1882இல் உரிமை எடுத்தார். வாழையிலைக்குள் வைத்து மீன் சுடுகிறவர்களுக்கு இந்த யோசனை இலகுவில் விளங்கும். 1884இல் எடிசனின் கம்பனிக்குப் போனார். உரிமை வழக்குகளில் நிபுணராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 1890இல் மின்விளக்கு பற்றி நூல் எழுதினார். பட்டம் எதுவும் இல்லாமலே இயந்திரப் பொறியியலாளரின் வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவர்.

எனக்கு இவரிடம் மிகவும் பிடித்தது இதுவொன்றும் இல்லை. 1906இல் நியூயோர்க்கில் ஹென்றி வீதிக் குடியிருப்பு என்ற சமூகசேவை நிலையத்தில், புதிதாக வந்த குடியேறிகளுக்கு இயந்திர வரைதலும் ஆங்கிலமும் படிப்பித்தார். எங்களுடைய தொழிலின் வேர்களில் ஒன்று அந்த மாதிரியான நிலையங்கள்தான். வேலை முடிந்து களைத்து வந்த கூலியாட்களுக்கு முன்னால், முன்னொரு காலம் மூன்று டொலருக்கு எடுபிடி வேலை செய்தவர் வெண்கட்டியோடு நின்றிருக்கிறார். 1928இல், 80 வயதில் காலமானார். நியூயோர்க்கில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நூதனசாலையாக இருக்கிறது.

இந்த மாதம் போனபோது அந்த அக்காவுக்கு இதையெல்லாம் சொன்னேன். மக்சிமும் எடிசனும் அவருக்கு மனதில் நிற்கவில்லை. பிள்ளைகளைப் பிரித்த இடத்தில் மட்டும், "அவவும் அப்பிடித்தான் செய்தவவோ" என்று இரண்டு தரம் கேட்டார். "ஓம் அக்கா" என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு கேட்டார்: "பிள்ளை, அந்தப் படம் கீறுற சாமான் பெட்டி என்ன விலை வரும்? பெடியன் சும்மா இருக்கேக்கை மோட்டச்சைக்கிளைத்தான் கீறிக்கொண்டு இருப்பான்."

அடுத்த கிழமை இருவரையும் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கூட்டிப் போக இருக்கிறேன். பெட்டி விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.